மார்பு அவனுடையது, முடிவும் அவனுடையதாகட்டும்

தமிழில் ‘நெஞ்சுக்குழி’ என்றொரு சொல் உண்டு. மார்பெலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் எல்லோருக்கும் அமைந்துள்ள சிறு பள்ளத்தை அது குறிக்கும். எங்கள் மகனுக்கு மூன்று வயதானபோது, குளிப்பாட்டுகையில் அவன் மார்பின் நடுவே நீர் தேங்கி நிற்பதைக் கண்டோம். வீட்டுப் பெரியவர்கள், “நெஞ்சுக்குழி யாருக்குத்தான் இல்லை? இவனுக்குக் கொஞ்சம் ஆழமாக இருக்கிறது” என்றார்கள். அச்சொல் எங்களுக்கு ஆறுதல் அளித்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நாங்கள் வேறு சொல்லைத் தேடவில்லை.

அவனுக்கு இப்போது 18 வயது. அவன் மார்பெலும்புக்குப் பின்னால் வளைந்த எஃகுப் பட்டை ஒன்று இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு இம்மருத்துவமனையில் அது பொருத்தப்பட்டது. அதை அகற்ற இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உள்ளன. ஆகவே, ‘எல்லாம் நலமாக முடிந்தது’ என்று அறிவிப்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துவதும் எங்கள் நோக்கமன்று. நோயாளர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்குமான இவ்விதழில் நாங்கள் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே: குழிந்த மார்பைப் பற்றிய முடிவை, அம்மார்போடு வாழ்பவரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிதான இதை நாங்கள் நெடுங்காலம் செய்யத் தவறினோம்.

குறையின் பெயரும் தன்மையும்

மருத்துவர்கள் இதனைப் ‘பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்’ என்பர். விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் ஒழுங்கின்றி வளரும்போது, மார்பெலும்பு உள்நோக்கி அமிழ்ந்து பள்ளமாகிறது. நெஞ்சுக்கூட்டின் பிறவிக் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஏறத்தாழ 300 அல்லது 400 குழந்தைகளுள் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு கூடுதலாகத் தென்படுகிறது. இக்குறை உடையோரில் பத்தில் நான்கு பேர் அளவுக்குக் குடும்பத்திலும் வேறொருவரிடம் இது இருக்கக் காணலாம்.

தாய்மார்கள் தங்களை நொந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கருவுற்றிருந்தபோது உண்ட உணவாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்ததாலோ இது வருவதில்லை.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதலும் இதற்குப் பொருந்துவது அரிது. சிறு வயதில் மேலோட்டமாக இருக்கும் பள்ளம், உயரம் விரைந்து கூடும் பதின்ம வயதில் ஆழமாவதே பலரிடம் காணப்படும் போக்கு. எங்கள் மகனுக்கும் பதின்மூன்றாம் வயதில் அவ்வாறே நேர்ந்தது. ஓராண்டில் கால்சட்டைகள் எல்லாம் குட்டையாயின; மார்பும் அந்த ஓராண்டில்தான் உள்வாங்கியது. அவன் தோள்களை முன்னால் குறுக்கி நடக்கத் தொடங்கினான். ‘நிமிர்ந்து நட’ என்று நாங்கள் நாள்தோறும் கடிந்துகொண்டோம். அவன் ஏன் குறுகுகிறான் என்று கேட்கவில்லை.

திருச்செந்தூர்க் கடற்கரையில்

எங்களுள் ஒருவருக்கும், அதாவது அவனுடைய தந்தைக்கும், இதே மார்புதான். அதற்கொரு பெயர் உண்டு என்பதை அறியாமலே 46 ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றிச் செல்வது வழக்கம். ஆண்டுதோறும் குடும்பத்துடன் அங்கு செல்லும்போது, “நீங்கள் தரிசித்து வாருங்கள், நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் கடற்கரையிலேயே நின்றுவிடுவார். அவருக்குக் கூட்டம் பிடிக்காது என்றே வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம். பதினாறு ஆண்டு மணவாழ்வில் மனைவியிடமும் அவர் காரணத்தைச் சொன்னதில்லை.

மகனுக்குப் பதினான்கு வயதானபோது, கோயில் வாயிலில் அவன், “நானும் அப்பாவோடு இங்கேயே நிற்கிறேன்” என்றான்.

அன்று அந்தக் கடற்கரையில் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய இரவில்தான் தந்தை தம் கதையைத் தாயிடம் சொன்னார்.

அதன் பிறகேனும் நாங்கள் மகனிடம் பேசியிருக்க வேண்டும். நாங்களோ எங்களுக்குள் வாதாடத் தொடங்கினோம். தந்தை, எங்கேனும் ஒரு நல்ல மருத்துவரைப் பிடித்து உடனே அறுவை செய்துவிட வேண்டும் என்றார். தமக்கு நேர்ந்தது மகனுக்கு நேரக்கூடாது என்பது அவர் தவிப்பு. தாய், “இதயத்துக்குப் பக்கத்தில் இரும்பை வைப்பதா? நோயில்லாத பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன்” என்றார். ஓராண்டுக்கும் மேலாக, மகன் உறங்கிவிட்டான் என்று எண்ணிய இரவுகளில், அடுக்களையில் இந்த வழக்கு நடந்தது. அவன் உறங்கவில்லை என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

இடையில் வேறோர் இடத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மார்பை ஒருமுறை பார்த்துவிட்டு, “சட்டை போட்டால் தெரியப் போவதில்லை. ஆண்பிள்ளைக்கு அழகு எதற்கு?” என்று சிரித்தார். தாய்க்கு அது நிம்மதியாக இருந்தது. தந்தைக்குச் சினம் மூண்டது. மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் மூன்று பெரியவர்கள் இருந்தோம். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மருத்துவரை மட்டும் நாங்கள் குறை சொல்ல இயலாது.

கேட்கப்பட்ட முதல் கேள்வி

அவனுக்குப் பதினாறு வயது நடக்கும்போது இங்கு வந்தோம். கோப்பை நீட்டித் தந்தை பேசத் தொடங்கியதும், நெஞ்சக அறுவை மருத்துவர் அவரைக் கையமர்த்திவிட்டு மகன் பக்கம் திரும்பினார். “தம்பி, இதனால் உனக்கு எது முடியவில்லை? நீயே சொல்” என்றார்.

சற்று நேரம் பேசாமலிருந்தவன் பிறகு சொன்னான்: “மூன்றாம் மாடியில் வகுப்பு. எல்லோரும் ஏறிவிடுகிறார்கள், நான் இரண்டாம் மாடியில் நின்றுவிடுகிறேன். கபடி பாடிப் போகும்போது பாதியிலேயே மூச்சு அறுந்துவிடுகிறது. பயந்து திரும்பி வருகிறேன் என்று பையன்கள் சொன்னார்கள். அதனால் ஆட்டத்தையே விட்டுவிட்டேன்.”

படிப்பில் கவனம் வந்ததால் அவன் கபடியை விட்டதாக எண்ணி மகிழ்ந்திருந்தோம் நாங்கள்.

“சட்டையைக் கழற்றப் பிடிக்காது என்பதும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவது” என்றும் அவன் சொன்னான். தந்தை முதலாவதாக வைத்திருந்ததை மகன் இரண்டாவதாக வைத்தான். தாய் இல்லவே இல்லை என்று நம்பியிருந்த மூச்சிரைப்பை அவன் முதலாவதாக வைத்தான். எங்களுள் ஒருவர் தம் வெட்கத்தையும் மற்றவர் தம் அச்சத்தையும் அவன் மார்பின் மேல் ஏற்றி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அளவு சொல்வதும் சொல்லாததும்

கேள்விக்குப் பின்னரே சோதனைகள் வந்தன. சி.டி. ஸ்கேன் படத்தில் நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு ஹாலர் குறியீடு என்று பெயர். 1987 முதல் இவ்வளவை மருத்துவர்கள் கையாண்டு வருகின்றனர். இயல்பான மார்பில் இது 2.5 அளவில் இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் கடுமையானது எனக் கொண்டு, அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சிந்திப்பர். எங்கள் மகனுக்கு 3.9.

அமர்ந்த நிலையில் எடுத்த மூச்சுத்திறன் சோதனை ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. இக்குறை உடைய பலருக்கும் அவ்வாறே இருக்குமென்றும், ஓய்வில் தெரியாத குறைவு உடல் உழைக்கும்போது வெளிப்படக்கூடும் என்றும் விளக்கினார்கள். அதனால் ஓடவைத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள்; அதில் அவன் திறன் குறைந்திருந்தது. எக்கோ சோதனையில் இதயத்தின் வலப்பக்கம் சற்றே அழுத்தப்பட்டிருந்தது. அவன் உயரமும் நீண்ட விரல்களும் கண்டு, மார்ஃபன் என்னும் இணைப்புத்திசுக் குறைபாடு இருக்குமோ என்றும் ஆராய்ந்தார்கள், அது இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துள்ளதா என்றும் பார்த்தார்கள். குழிந்த மார்போடு இவையும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், பள்ளத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் பரிசோதனை நிறைவானதன்று.

இத்தனை அளந்த பின்னரும், எண்கள் முடிவைச் சொல்லிவிடவில்லை. ஆழ்ந்த பள்ளத்தோடு எவ்விடரும் இன்றி வாழ்வோர் உண்டு. மேலோட்டமான பள்ளத்தால் நீச்சல் குளத்தையும் நண்பர் கூட்டத்தையும் விட்டு விலகியோரும் உண்டு. எண் மருத்துவருக்கு ஓர் எல்லையைக் காட்டுகிறது. வாழ்க்கையில் எது தடைபட்டுள்ளது என்பதை நோயாளர்தாம் சொல்ல வேண்டும்.

‘அழகுக்காகத்தானே’ என்னும் சொல்

இக்குறையைப் பற்றிய பேச்சை முடித்துவிட நம்மிடையே பெரிதும் வழங்கும் சொல் இதுவே. உறவினர் சொல்கின்றனர், மருத்துவரும் சில வேளைகளில் சொல்கின்றனர், காப்பீட்டு நிறுவனம் எழுத்திலேயே தருகிறது. இச்சொல்லுக்கு எதிராக எங்களுக்கு இரண்டு கருத்துகள் உண்டு.

முதலாவது, அது பல வேளைகளில் உண்மைக்குப் புறம்பானது. மூச்சும் இதயமும் தொடர்புள்ள ஓர் அமைப்புக் குறையை, சோதித்துப் பாராமலே ஒப்பனைக் குறை என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, தோற்றம் மட்டுமே இடராக இருந்தாலும் அந்த இடர் மெய்யானதே. மாறுகண்ணைச் சீராக்குவதை யாரும் வீண் ஒப்பனை என்று இகழ்வதில்லை. வெயில் காலத்திலும் உள்பனியன்மேல் தடித்த சட்டை அணிந்து, ஆற்றில் குளிக்காமல், மருத்துவ முகாமில் வரிசையிலிருந்து நழுவி, திருமணத்துக்குப் பின்னும் விளக்கை அணைத்த பிறகே சட்டையைக் கழற்றி ஒருவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தால், அவர் இழந்ததை அழகு என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்ததால் இதைச் சொல்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறுவையால் மூச்சும் இதயமும் எந்த அளவுக்கு மேம்படுகின்றன என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. 2019-இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, நன்மையை நிறுவும் சான்றுகள் போதவில்லை என்று கூறி, இவ்வறுவைக்கு வழமையாக நிதியளிப்பதில்லை என முடிவெடுத்தது. அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் அதை மறுத்துரைத்தனர். அறிஞரிடையே இத்தகைய கருத்து வேறுபாடு நிலவும் ஒன்றில், ‘செய்தே தீர வேண்டும்’ என்று அஞ்சவைப்பதும் தவறு. ‘வீண்வேலை’ என்று சிரிப்பதும் தவறு. எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்பதை நோயாளரிடம் உள்ளபடியே சொல்லி, அவரைச் சிந்திக்கவிடுவதே முறை.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். அழகுச் சிகிச்சைக்கும் வெளித்தெரியும் பிறவிக் குறைக்கும் விலக்கு அளிக்கும் விதிகள் நம் நாட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் உள்ளன. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான கேட்டை நீக்க இன்றியமையாத சிகிச்சை என்று மருத்துவர் சான்றளிப்பதை அழகுச் சிகிச்சைக்கான விலக்கு விதியே கருத்தில் கொள்கிறது. ஆகவே, சோதனை முடிவுகளையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே எழுத்து வழியாகக் கேட்டுப் பதில் பெறுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

முன்னிருக்கும் வழிகள்

நான்கு வழிகள் எங்களுக்கு விளக்கப்பட்டன. எங்கள் சொற்களில் அவற்றைத் தருகிறோம்.

ஒன்று, அறுவையின்றி வாழ்வது. உடற்பயிற்சியால் எலும்பு மேலெழாது. ஆயினும் முதுகுத் தசைகளும் மார்புத் தசைகளும் வலுப்பெறும். குறுகிய தோள்கள் விரியும். மூச்சை ஆழ இழுக்கும் பழக்கம் வரும். இயன்முறை மருத்துவரின் துணையோடு இதைச் செய்வோர் தெளிவான மாற்றத்தை உணர்வதுண்டு. அறுவை வேண்டாம் என்று அறிந்து தேர்வதும் ஒரு முடிவே. அதைக் கோழைத்தனம் என்றோ அலட்சியம் என்றோ கருதக் கூடாது.

இரண்டு, வெற்றிடக் கிண்ணம். தமக்கே இக்குறை இருந்த ஜெர்மானியப் பொறியாளர் எக்கார்ட் குளோபே உருவாக்கிய கருவி இது. பள்ளத்தின்மேல் கிண்ணத்தைப் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் மார்பெலும்பு மேலே இழுக்கப்படுகிறது. நாள்தோறும் அரைமணியில் தொடங்கிப் பல மணி நேரம்வரை உயர்த்தி, ஓராண்டுக்கும் மேலாக விடாது அணிய வேண்டும். வயது குறைந்து, எலும்பு இளகியிருந்து, பள்ளம் ஆழமின்றி இருப்போருக்கே நல்ல பலன் கிடைக்கிறது. தோல் கன்றிச் சிவக்கும். எலும்பு நொறுங்கும் நோயோ இரத்தக் கசிவு நோயோ இரத்தக்குழாய்க் கோளாறோ உள்ளவர்களுக்கு இது ஆகாது. எனவே மருத்துவர் பார்வையின்றித் தாமே வாங்கி அணியக் கூடாது.

மூன்று, நஸ் அறுவை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மருத்துவர் டொனால்டு நஸ் 1987-இல் தொடங்கி, 1998-இல் ஆய்விதழில் வெளியிட்ட முறை. மார்பின் இருபுறமும் சிறு கீறலிட்டு, உட்புறத்தைக் கேமராவால் பார்த்தபடி, வளைந்த பட்டையை மார்பெலும்பின் பின்னே செலுத்திப் புரட்டுவர். எலும்பு அப்போதே உயர்ந்துவிடும். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டையை அகற்றுவர். நெஞ்சுக்கூடு இன்னும் இளகியிருக்கும் பதின்ம வயதே இதற்கு ஏற்ற பருவம் என்பர். வயது வந்தோருக்கும் செய்கின்றனர், ஆனால் அவர்களுக்கு வலி கூடுதல்.

நான்கு, 1949-இல் மார்க் ராவிட்ச் விளக்கிய திறந்த அறுவை. மார்பின் முன்புறம் கீறி, பிறழ்ந்த குருத்தெலும்புகளை நீக்கி, மார்பெலும்பை நிமிர்த்தி அமைப்பர். இருபுறமும் ஒத்திராத பள்ளங்களுக்கும், முன்பு செய்த அறுவை பயன்தராத போதும் இது இன்றும் பயன்படுகிறது.

கத்தி வழிகளின் இடர்களையும் எங்களிடம் மறைக்கவில்லை. தொற்று ஏற்படலாம்; நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ சேரலாம்; பட்டை இடம்பெயர்ந்து மறுமுறை அறைக்குச் செல்ல நேரலாம். இதயம் காயமுறுவது மிக அரிது. ஆனால் நேர்ந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி வரியைக் கேட்டபோது தாயின் கை நடுங்கியது. ஆயினும் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னர் எங்கள் நம்பிக்கை உடைந்திருக்கும்.

அவன் எடுத்த முடிவு

முதலில் அவன் அறுவையைத் தேரவில்லை. கிண்ணத்தை அணிந்து பார்க்கிறேன் என்றான். “உன் வயதுக்கும் ஆழத்துக்கும் பலன் குறைவாகவே இருக்கும், ஆனால் நீ முயன்று பார்ப்பதால் எதையும் இழக்கப் போவதில்லை” என்றார் மருத்துவர். எட்டு மாதங்கள் அணிந்தான். பள்ளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே எழுந்தது. அந்த எட்டு மாதங்கள் வீணாயின என்று நாங்கள் கருதவில்லை. அறுவைக்கு அவன் சரி என்றபோது, வேறு வழியைத் தானே முயன்று பார்த்த ஒருவனின் சொல்லாக அது இருந்தது.

பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்றான், முடிந்தது. அவனுக்கு 17 வயது என்பதால் ஒப்புதல் படிவத்தில் நாங்களே கையெழுத்திட்டோம். அதன் கீழே தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு, அவனும் எழுதினான்.

பிறகு நேர்ந்ததை மெருகிட்டுச் சொல்ல மாட்டோம். மூன்றாம் நாள் இரவு வலி தாங்காமல், “நான் ஏன் சரி என்று சொன்னேன்?” என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. முதுகுத்தண்டின் வழியே மருந்து செலுத்தியும், மாத்திரைகள் கொடுத்தும் வலியைக் குறைத்தார்கள். விலா நரம்புகளை அறுவையின்போதே உறையவைத்துச் சில மாதங்களுக்கு மரத்துப்போகச் செய்யும் முறையும் இப்போது சில இடங்களில் வழக்கத்துக்கு வந்துள்ளது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் ஒன்றரை மாதம் பளு தூக்காமல், உடலை முறுக்காமல் இருந்தான். மல்லாந்து மட்டுமே உறங்கினான். தும்மல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வான்.

இன்று மூன்று மாடியும் நிற்காமல் ஏறுகிறான். பட்டை உள்ளே இருக்கும்வரை மோதல் ஆட்டங்கள் வேண்டாம் என்பது அவன் மருத்துவரின் அறிவுரை. எனவே கபடி இன்னும் காத்திருக்கிறது. மார்பினுள் பட்டை இருப்பதைக் குறிக்கும் அட்டையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். அவசர நேரத்தில் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பவருக்கும், ஸ்கேன் எடுப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றொரு முடிவு

வெளிநோயாளர் பிரிவில் காத்திருந்த நாட்களில் கல்லூரி மாணவி ஒருவரையும் அவர் தாயாரையும் பழகி அறிந்தோம். பெண்களிடம் இக்குறை ஆடைக்குள் மறைந்து நெடுங்காலம் பேசப்படாமலே இருந்துவிடுகிறது. அந்த மாணவிக்கு மூச்சுச் சோதனையும் ஓட்டச் சோதனையும் இயல்பாக இருந்தன. பள்ளமும் எல்லைக்குக் கீழேதான். ஆனால், “மணப்பேச்சு தொடங்கும் முன் சரிசெய்துவிட வேண்டும்” என்று உறவினர்கள் நெருக்கினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்த பின், “எனக்கு இது தடையாக இல்லை. தடையாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்காக நான் வலியை வாங்கிக்கொள்ள மாட்டேன்” என்று மறுத்துவிட்டார். தாயாரும் மகள் பக்கம் நின்றார்.

எங்கள் மகனின் முடிவும் அந்த மாணவியின் முடிவும் எதிரெதிரானவை. இரண்டும் சரியென்றே நாங்கள் கருதுகிறோம். இருவரும் தம் உடலைப் பற்றிய உண்மைகளை அறிந்து, நேரம் எடுத்து, தம் வாயால் சொன்னார்கள்.

குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள்

மருத்துவரைப் பார்க்கும் முன் வீட்டிலேயே ஒருமுறை கேளுங்கள்: “இதனால் உனக்கு எது முடியவில்லை? எதைச் செய்யப் பிடிக்கவில்லை?” பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் நேருக்கு நேர் அமர்ந்தால் பேசாதவற்றை, வண்டியில் பின்னால் அமர்ந்து வரும்போது பேசுவார்கள்.

மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேசச் சில நிமிடங்கள் கொடுங்கள். வளரிளம் பெண்கள், தாயோ பெண் செவிலியரோ உடனிருக்கப் பரிசோதனை செய்யுமாறு தயங்காமல் கேட்கலாம்.

இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என் ஹாலர் குறியீடு என்ன? உடல் உழைக்கும்போது மூச்சும் இதயமும் எவ்வாறு உள்ளன? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இவ்வறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வலியை எவ்வாறு குறைப்பீர்கள்? எனக்கு உலோக ஒவ்வாமை உண்டா என்று பார்த்தீர்களா? பட்டையை எப்போது, எவ்வளவு செலவில் எடுப்பீர்கள்? கேள்விகளுக்குச் சலிக்கும் இடத்தில் நாள் குறிக்க வேண்டாம். இக்குறையில் பெரும்பாலும் நாளைக்கே முடிவெடுக்கும் நெருக்கடி இல்லை. இரண்டாம் கருத்தைப் பெற நேரம் இருக்கிறது.

இக்கட்டுரையை மகன் படித்து, இரண்டு வரிகளை அடித்த பின்னரே ஆசிரியரிடம் கொடுத்தோம்.

இவ்வாண்டும் திருச்செந்தூர் சென்றோம். மகன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, விலாவின் இருபுறமும் தழும்பு தெரிய உள்ளே போய் வந்தான். அவன் தந்தை வழக்கம்போல் கடற்கரையிலேயே நின்றார். “வாருங்கள் அப்பா” என்று அவன் ஒருமுறை அழைத்தான். அவர் தலையசைத்து மறுத்ததும், அவன் மீண்டும் வற்புறுத்தவில்லை. தன்னிடம் எதிர்பார்த்த அதே மரியாதையை அவன் அவருக்கும் கொடுத்தான் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.